ஈயத்தாள் பெட்டியில் வைத்த அடை

நம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களில் பாதிப் பேர் இப்போது கோழி வளர்க்கிறீர்கள். மீதிப் பேர் வளர்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். நான் கால்நடை வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து நம் தொலைபேசிக் குழுவில் படங்களாக வருகின்றன: கூடு, கூட்டின் கதவு, கதவுக்குப் பின்னால் பயந்த முகத்தோடு ஒரு பேட்டுக் கோழி. கேள்விகளை நேற்று ஒரு தாளில் வகை பிரித்து எழுதிப் பார்த்தேன். கூட்டுக்குள் கூளமாக எதைப் போடுவது. எப்போது மாற்றுவது. முட்டையிடுகிற பெட்டிக்கு எது மெத்தை. கடைசியாக ஒருவர், அடைக்கு முட்டையை யார் கையால் வைத்தால் நல்லது என்று கேட்டிருந்தார். யாரென்று சொல்லமாட்டேன். அவருக்கே தெரியும்.

முதல் மூன்றுக்கும் பதில் என் கல்லூரிக் குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. மரம் சீவும்போது சுருண்டு விழும் சீவல் நல்லது; கூட்டில் நான்கு விரல் உயரம், முட்டைப் பெட்டியில் ஒரு சாண். மாவு போன்ற மரத்தூள் வேண்டாம், குஞ்சின் மூக்கில் ஏறும். உமி கிடைத்தால் கூட்டுக்குப் போடுங்கள்; பெட்டியில் போட்டால் கோழி ஒரே கிளறலில் வெளியே தள்ளிவிடும். செய்தித்தாள் வழுக்கும், குஞ்சுக்குக் கால் அகன்றுவிடும். சாக்கின் நூல் காலில் சுற்றும். மானாப்புல்லை மூன்று வெயில் காய வைக்கச் சொல்வார்கள். நம் பக்கத்தில் மூன்று வெயிலுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறவுங்கள். மெதுவாகப் பிரிந்து விழுந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம். அன்றைக்கே அள்ளிக் கொட்டுங்கள். பிறகு கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் கண் எப்போதோ எரியத் தொடங்கிவிட்டது.

இவ்வளவுதான். நாலாவது கேள்விக்கும் இப்படி இரண்டு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் பின்புறம், மலைச் சரிவிலிருந்து பனி இறங்கி, கோழிக்கூட்டின் கூரைத் தகரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அந்த வருடத்து மழை விட்டுவிட்டுப் பெய்தது என்று சொல்ல முடியாது, அது விடவே இல்லை. துணி காயவில்லை. சுவரில் சாய்ந்தால் முதுகு நனைந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தின் தாள்கள் தடித்து, புரட்டும்போது சத்தமே வராமல் புரண்டன. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் அம்மா வாசலைத் தாண்டியதும் மறைந்துவிடுவார். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். இப்போதும் எனக்கு அந்தப் பருவம் ஒரு காட்சியாக வருவதில்லை. வெள்ளையாக ஒன்றும், அதற்குள் எங்கேயோ ஒரு கோழி தொண்டைக்குள் முனகுவதும்தான்.

அந்த வெள்ளைக்குள் மின்னியது ஒன்று உண்டு. அது பெட்டி. நம்மில் சிலருடைய வீட்டிலும் இருந்திருக்கும்: பலகையால் செய்து, ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி. தொழிற்சாலையில் தேயிலையைக் கடதாசிச் சாக்கில் அடைக்கத் தொடங்கியபோது, அங்கே வேலை செய்த அப்பா ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். முதலில் அதில் எங்கள் உடுப்புகள் இருந்தன. ஒரு வருடம் முழுக்க நான் தேயிலை வாசத்தோடு பள்ளிக்கூடம் போனேன். பிறகு எலி ஒரு மூலையைக் கடிக்க, பெட்டி கோழிக்கூட்டுக்குப் போனது. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, படுக்க வைத்து, முட்டையிடும் இடமாக்கினார் அப்பா.

உள்ளிருக்கும் தாளைக் கிழித்துவிடலாமா என்று அம்மா கேட்டார். அப்பாவுக்கு அது பெரிய அவமதிப்பு.

"அந்தத் தாளுதான் பெட்டிக்கே உசுரு. காத்து ஏறாது, பனி ஏறாது. சீமைக்குக் கப்பல்ல போற தேயிலையே அதுக்குள்ள நனையாமப் போவுது. நம்ம கோழிக்கு என்னா."

யாராலும் மறுக்க முடியாத வாதம். எங்கள் லயத்தில் எல்லோருடைய வாழ்க்கையும் தேயிலை நனையாமல் இருப்பதைச் சுற்றித்தான் ஓடியது. அதைக் காப்பது எதையும் காக்கும் என்று நம்பினோம். தேயிலை மூச்சு விடாது, கோழி விடும் என்பது அப்பாவுக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற எனக்கும்தான். அது எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. சாம்பல் நிறப் பேடு உட்கார்ந்திருக்க, மூன்று பக்கமும் மேலேயும் இன்னும் நான்கு சாம்பல் பேடுகள் மங்கலாக உட்கார்ந்திருக்கும். தாளெங்கும் முத்து முத்தாக நீர் பூத்திருக்கும். விரலால் தொட்டால் ஒரு துளி ஓடி இன்னொன்றோடு சேர்ந்து, கனத்து, கீழே மெத்தைக்குள் இறங்கிப்போகும். நான் அதை விளையாட்டாக எண்ணியிருந்தேன்.

மெத்தை போடுவது என் வேலை. உதிர்ந்த சவுக்கு இலையைக் கூடையில் பொறுக்கி வந்து, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த தட்டில் காய வைத்து, பழையதை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். இதில் நான்கு படி இருக்கிறது. அந்த மழையில் நான் இரண்டை விட்டேன். இலை காய நாளாகும் என்பதால் அரைக்காயலிலேயே எடுத்தேன். பழையதை அள்ளினால் நகத்தில் நாற்றம் போகாது என்பதால் அதன் மேலேயே புதியதைப் போட்டேன். மெத்தை நாளுக்கு நாள் உயர்ந்தது. கூட்டைப் பார்க்க வந்தவர்கள், புள்ள எவ்வளவு மெத்து மெத்துன்னு போட்டிருக்கு என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

அப்போது எங்கள் வீட்டில் சின்னம்மா இருந்தார். அம்மாவின் தங்கை. பூண்டுலோயாவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிறந்த பிள்ளை பதினோரு நாளில் போய்விட்டது. கொழும்புக்கு வேலைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. ஒரு துணிப்பையோடு எங்கள் காம்பரா அறைக்கு வந்து, அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கினார். அதிகம் பேசமாட்டார். ஆனால் கோழிகளோடு பேசுவார். மரியாதையாக, 'வாங்க, போங்க' என்று.

லயத்தில் ஒரு வழக்கம் இருந்ததே, நினைவிருக்கிறதா? அடைக்கு முட்டை வைக்கக் கைராசிக்காரரைக் கூப்பிடுவது. கத்தரி நாற்று நடவும் அவரே, பாலுக்கு உறை ஊற்றவும் அவரே. எங்கள் லயத்தில் அது பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. அந்த முறை சாம்பல் பேடு அடைக்கு உட்கார்ந்தபோது அம்மா அவரைக் கூப்பிடவில்லை. சின்னம்மாவைக் கூப்பிட்டார். பிள்ளை போன கை, புருஷன் நிற்காத கை என்று லயத்தில் ஒரு பேச்சு காற்றில் இருந்தது. அதை எல்லோர் கண் முன்னாலும் உடைக்க வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். பின்புறம் பெண்கள் நடமாடும் நேரமாகப் பார்த்து, கூட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தார்.

"வேணாங்க்கா. ஏங் கையில எதுக்கு" என்றார் சின்னம்மா.

"ஓங் கைக்கு என்னாடி? வையி."

பெரியம்மா தண்ணீர் வாளியோடு நின்று பார்த்தார். சின்னம்மா பதின்மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாக, நான் போட்ட மெத்தையில் வைத்தார்.

அந்த மூன்று வாரமும் வேலைவிட்டு வந்ததும் சின்னம்மா நேரே கூட்டுக்குத்தான் போவார். இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்காருவார். உள்ளே ஈயத்தாளில் அவருடைய முகமும் கோழியின் முகமும் அருகருகே கலங்கித் தெரியும். இரண்டும் ஒன்றுக்காகத்தான் காத்திருக்கின்றன என்று பத்து வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது. குஞ்சு வந்துவிட்டால் சின்னம்மா இந்த லயத்தில் மற்றவர்களைப் போல ஒருவர்.

இருபத்தோராம் நாள் மூன்று குஞ்சுகள் வந்தன. மற்ற பத்தும் கூமுட்டை. அந்த மூன்றும் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடின, ஆனால் கத்தவில்லை. நீருக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. நாலாம் நாளுக்குள் மூன்றும் போய்விட்டன.

யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும் வேலியோரம் வந்து, தான் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்றைக்கே விறகுக் கத்தியை எடுத்துப் பெட்டியைப் பிளந்தார். அப்பா ஓடிவந்து தடுத்தார்.

"பொட்டி என்னா செஞ்சிச்சி?"

"பொட்டிக்கு ராசி இல்லன்னு இருக்கட்டும்" என்றார் அம்மா. "ஏந் தங்கச்சிக்கு இல்லன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. குற்றவாளியைச் சரியாகப் பிடித்தவர் அம்மா ஒருவர்தான். காரணம்தான் தவறு. அந்தக் காரணத்தை வீட்டில் உள்ளவர்களே நம்பவில்லை. தங்கையைக் காப்பாற்றப் பெட்டியைப் பலி கொடுத்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், சின்னம்மா உட்பட.

இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மாவின் மகள் பெரியவளானதற்குச் சடங்கு. பெரியம்மா வந்து அம்மாவைத் தண்ணி ஊத்த அழைத்தார். பக்கத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்த சின்னம்மாவைப் பார்த்து, நீ அடுப்படியில கொஞ்சம் ஒத்தாசையா இரும்மா என்றார். நல்ல குரலில்தான் சொன்னார். சின்னம்மா தலையாட்டினார். ஆனால் அன்றைக்குப் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டார்.

சடங்கன்று லயமே அந்த வீட்டில் கூடியிருந்தது. பாட்டுப்பெட்டிச் சத்தம் பனியில் நனைந்து எங்கிருந்தோ வருவது போல வந்தது. நடுவில் அம்மா பட்டுச் சேலையோடு வீட்டுக்கு ஓடி வந்தார். சாம்பல் பேடு மறுபடி அடைக்கு உட்கார்ந்து நான்கு நாளாகியிருந்தது. தானே முட்டை வைக்கப் போவதாக அம்மா முன்பே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். என்னை வாசலில் நிறுத்தி, யாராவது வந்தால் குரல் கொடு என்றார். சின்னம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பிப் பின்புறம் கூட்டிப் போனார்.

பெட்டிதான் இல்லையே. அடி பிய்ந்த ஒரு கொழுந்துக் கூடை இருந்தது. காய்ந்த இலையும் இல்லை. டவுனில் மரக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம், அடுப்புப் பற்ற வைக்க என்று கேட்டு அம்மா வாங்கி வந்திருந்த ஒரு சாக்குச் சீவல் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைக் கூடையில் கொட்டினார்கள். இதைத்தான் நான் இப்போது பயிற்சிகளில் பலகையில் படம் வரைந்து சொல்கிறேன்: காற்றோடும் பக்கங்கள், உலர்ந்த சீவல், அடியில் ஈரம் வடிய இடைவெளி. அன்று அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் யார் கண்ணிலும் படவும் இல்லை.

நான் வாசலில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலச் சடங்கு வீட்டுக்குப் போனார்.

பதின்மூன்றில் பன்னிரண்டு பொரித்தன. பன்னிரண்டும் கத்திய கத்தலில் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

அடுத்த நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லோரும் அம்மாவின் கையைப் புகழ்ந்தார்கள். ஒருத்தி அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வரிசையில் கடைசியாக வாளியோடு சின்னம்மா நின்றார். அம்மா இந்த நேரத்துக்காகத்தான் இருபத்தொரு நாள் காத்திருந்தார்.

"நான் வைக்கல" என்றார் அம்மா. "தங்கச்சிதான் வச்சிச்சி. நீங்கல்லாம் சடங்கு வீட்டுல இருந்தீங்க."

பெரியம்மா அருகில் வந்து அம்மாவின் கன்னத்தைத் தொட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கூடப் பொறந்தவன்னா இப்பிடி இருக்கணும். தன் நல்ல பேரத் தூக்கித் தங்கச்சிக்குக் குடுக்குது பாரு."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் மேலும் நல்லவராகிக்கொண்டே போனார். சின்னம்மா தன் முறை வருவதற்கு முன்பே வெற்று வாளியோடு திரும்பி நடந்தார். அடுத்த மாதம் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனார். பிறகு ஒருவரைக் கட்டிக்கொண்டு நல்லதண்ணியில் இருக்கிறார். சீசன் காலத்தில் யாத்திரையாக மலையேறுகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் கோப்பியும் விற்கிற கடை.

கல்லூரியில் கூளம் பற்றிய பாடத்தின்போது, பூஞ்சணம் பிடித்த இலையை ஒரு தட்டில் வைத்து எல்லோரிடமும் முகரக் கொடுத்தார்கள். எனக்குத் தட்டு வரும் முன்பே தெரிந்துவிட்டது. ஈர மெத்தையில் வளரும் பூஞ்சணம் ஓட்டின் வழியே முட்டைக்குள் போகும். பிழைத்து வரும் குஞ்சின் நுரையீரலில் உட்காரும். குஞ்சு வாயைத் திறந்து மூடும், சத்தம் வராது. கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்: ஈயத்தாள். அரைக்காயல் இலை. அள்ளாத பழைய மெத்தை. நாலாவதாக, 'நான்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். பெட்டிதான் காரணம் என்று அன்றைக்கே சொல்லவில்லையா என்று அம்மா வெற்றிச் சிரிப்பு சிரித்தார். அப்பா இன்னொரு முறை பெட்டியின் அருமையைச் சொன்னார். சின்னம்மாவிடம் நான் சொல்லவில்லை. பெரியவர்களின் தவறுகளை எண்ணிக்கொண்டிருந்த நான் செய்த பெரிய தவறு அதுதான். லயம் என்ன நினைத்தாலும், பன்னிரண்டு குஞ்சுகளை வைத்த கை தன்னுடையது என்று சின்னம்மாவுக்குத் தெரியுமே, அது போதாதா என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் சீசன் முடிந்தபிறகு நல்லதண்ணியில் ஒரு பயிற்சி. முடித்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். கடைகளின் தகரக் கதவுகள் மூடியிருந்தன, தெருவில் நாய்கள் மட்டும். மேலே பனிக்குள் மலை பாதிதான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஐந்து பேடுகளும் ஒரு சேவலும். சுத்தமான கூடு, நான் கொடுத்தனுப்பிய சீவல். பிடித்துப் பார்த்தேன், மெதுவாகப் பிரிந்தது. ஒரு சிவப்புப் பேடு முட்டையே இல்லாத பெட்டியில் சிறகை விரித்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

முட்டை வைக்கவில்லையா என்று கேட்டேன். அடைகாக்கும் ஆசை தெளியட்டும் என்று தினமும் தூக்கி வெளியே விடுவதாகச் சொன்னார். குஞ்சு தேவையென்றால் வாங்கிக்கொள்வாராம். இத்தனை வருடமும் அப்படித்தானாம்.

நான் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈயத்தாளில் பூத்த நீர், என் அரைக்காயல் இலை, பூஞ்சணம், கூடைக்குள் ஓடிய காற்று. வகுப்பில் சொல்வதை விட மெதுவாகச் சொன்னேன். சின்னம்மா பேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப மொத வாட்டி செத்தது ஈரத்துலயா."

"ஈரத்துல. நான் போட்ட ஈரத்துல. ரெண்டாவது வாட்டி நீங்க வச்சதுதானே சின்னம்மா, பன்னெண்டு பொரிச்சிச்சி?"

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

"வெறுங்கையால வைக்கலம்மா" என்றார். "முந்தானையக் கையில சுத்திக்கிட்டு, துணியாலதான் ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். ஒங்கம்மா கோழியப் புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி இருந்திச்சி, அதுக்குத் தெரியாது. எங் கை படாததுனாலதான் பொரிச்சிச்சின்னு இருந்தேன்."

இருபத்து நான்கு வருடம். கையிலிருந்த கொப்பியை மூடி வைத்தேன்.

உள்ளே போய்க் கழுவாத நல்ல முட்டைகளாக ஒன்பதைத் தேர்ந்து எடுத்து வந்தேன். பெட்டியில் சீவலை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, நடுவில் முழங்கையால் குழி செய்தேன். முட்டைத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். சின்னம்மா எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். துடைத்தார். விரல்கள் காயும் வரை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொரிக்கலன்னா?"

"பொரிக்கலன்னா மெத்தை போட்டது நான். என்னையத் திட்டுங்க."

"ஒன்னையத் திட்டுறதுக்குக் காரணமா இல்ல" என்றார். இலேசாகச் சிரித்தார்.

ஒன்பதையும் வைத்தார். பேடு ஏறி உட்கார்ந்து, உடம்பை அசைத்து அசைத்து இடம் பிடித்தது, அலகால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தது. ஒரு முட்டை மட்டும் ஓரத்தில் நின்றுவிட்டது. சின்னம்மா அதை எடுத்து, நெஞ்சு மயிருக்கு அடியில் மெல்லத் தள்ளினார். கோழி கொத்தவில்லை.

"சூடா இருக்காங்க" என்றார்.

வெளியே பனி வந்து கூட்டின் வலையில் நின்றது. தேநீர் போடட்டுமா என்று கேட்டேன். சின்னம்மாவின் கை மணிக்கட்டு வரைக்கும் சிவப்பு இறகுக்குள் இருந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை.